நிழலை அளந்துவிட்டுச் செடி வாங்குவோம்

பிள்ளைகளே, ஒரு மீற்றர் நீளமுள்ள தடி ஒன்றை டிசம்பர் 21ஆம் திகதி, சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில், டென்மார்க்கின் எஸ்பியர்க் கடற்கரை மணலில் நேராக நட்டால் அதன் நிழல் எவ்வளவு நீளமாக விழும் தெரியுமா? வெயில் எறித்தால் 5 மீற்றருக்கும் சற்று அதிகம். அதே நாள் யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் அந்தத் தடியை நட்டால் நிழல் சுமார் 65 சென்றிமீற்றர்தான்.

எஸ்பியர்க் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 55.5 பாகையில் இருக்கிறது. யாழ்ப்பாணம் 10 பாகைக்கும் சற்றுக் கீழே. அதனால் டிசம்பரில் எஸ்பியர்க் சூரியன் உச்சிக்கு வந்தாலும் அடிவானத்திலிருந்து 11 பாகைதான் ஏறியிருக்கும். யாழ்ப்பாணத்தில் 57 பாகை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. யூன் 21இல் எஸ்பியர்க்கில் சூரியன் ஏறும் உயரம் 58 பாகை. அதாவது இங்கே உச்சிக் கோடையில் வரும் சூரியனும் யாழ்ப்பாணத்து மார்கழிச் சூரியனும் வானத்தில் ஏறக்குறைய ஒரே உயரம்! பகல் நேரம் மட்டும் வேறு. எஸ்பியர்க்கில் யூனில் சுமார் பதினேழரை மணி நேரம் பகல். டிசம்பரில் வெறும் 7 மணி நேரம்.

செடி வளர்ப்பதைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டு நிழலை ஏன் அளக்கிறோம்? கடையில் அழகாக அடுக்கி வைத்திருக்கும் கள்ளிச்செடிகளில் பல இங்கே வந்து முதல் குளிர்காலத்திலேயே செத்துப்போகின்றன. குளிர்தான் கொன்றது என்று பலரும் நினைக்கிறார்கள். வீட்டுக்குள் ஹீற்றர் இருக்கிறது, குளிர் எங்கே வந்தது? அவற்றுக்குக் கிடைக்காமல் போனது வெளிச்சம். வெளிச்சம் இல்லாத நேரத்தில் நாம் ஊற்றிய தண்ணீர்தான் அவற்றைக் கொன்றது. ஒரு செடியை வாங்கும் முன் "உன் சொந்த ஊர் எது? அங்கே வெயில் எப்படி, மழை எப்படி, இரவு எப்படி?" என்று அதனிடம் கேட்க வேண்டும். செடி பேசாதுதான். ஆனால் அதன் உடம்பை உற்றுப் பார்த்தால் பதில் கிடைக்கும். எப்படிப் பார்ப்பது என்று இப்போது கற்றுக்கொள்வோம்.

கள்ளி எல்லாம் ஒரே குடும்பமா?

இலையிலோ தண்டிலோ வேரிலோ தண்ணீரைச் சேமித்து வைத்துக்கொள்ளும் செடிகளைச் சதைப்பற்றுத் தாவரங்கள் என்கிறோம். கற்றாழை இலையில் சேமிக்கிறது. பிரண்டை தண்டில் சேமிக்கிறது. இவை ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் அல்ல. தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது வெவ்வேறு குடும்பங்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்த ஒரே தந்திரம் இது.

அப்படி ஒன்றான கக்டஸ் குடும்பத்தில் 1,500க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. அவற்றின் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் வேலியோரம் நிற்கும் நாகதாளி, அதாவது சப்பாத்துக்கள்ளி, உண்மையான கக்டஸ். அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்ததுதான். ஆனால் நம் ஊர்ச் சதுரக்கள்ளி கக்டஸ் அல்ல. அது ஆமணக்கின் உறவு.

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? முள்ளின் அடியைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். கக்டஸ் என்றால் பஞ்சு வைத்தது போல் ஒரு சிறு மெத்தை தெரியும். முள், பூ, புதுக் கிளை எல்லாம் அந்த மெத்தையிலிருந்துதான் வரும். சதுரக்கள்ளியில் அந்த மெத்தை இல்லை. காயம் பட்டால் வெள்ளைப் பால் வரும். அந்தப் பால் கண்ணில் பட்டால் பெரும் ஆபத்து. ஆகவே கள்ளியை வெட்டிப் பார்த்துச் சோதிக்கவே கூடாது. மெத்தையைத் தேடுங்கள், அது போதும்.

இரவில் வாய் திறக்கும் இலைகள்

செடிகள் ஒளித்தொகுப்புச் செய்யக் காபனீரொட்சைட்டு வேண்டும். அதை எடுக்க இலையிலுள்ள நுண்ணிய இலைவாய்களைத் திறக்க வேண்டும். திறந்தால் உள்ளேயிருக்கும் நீர் ஆவியாகி வெளியே போய்விடும். கொளுத்தும் வெயிலில் வாழும் செடிக்கு இது பெரிய இக்கட்டு. திறந்தால் தாகம், மூடினால் பசி.

இதற்கு ஒரு வழி இருக்கிறது என்பதற்கான தடயத்தை நாக்கால் கண்டுபிடித்தவர் பெஞ்சமின் ஹைன. டென்மார்க்குக்கும் தமிழ் மண்ணுக்கும் நடுவில் நிற்கிற கதை இது. 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடி டென்மார்க்கின் வசம் இருந்தது. ஜெர்மானியரான ஹைன அங்கே ஒரு கிறித்தவ ஊழியராக வந்து சேர்ந்தார். பிறகு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியில் தாவரவியலாளராகச் சென்னை மாகாணத்தில் வேலை பார்த்தார். ரணகள்ளி இலையை வெவ்வேறு நேரங்களில் சுவைத்துப் பார்த்தார். காலையில் நல்ல புளிப்பு. நண்பகலில் சுவையே இல்லை. மாலையில் இலேசான கசப்பு. இதை 1813இல் ஒரு கடிதத்தில் எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கம் அதைத் தன் இதழில் வெளியிட்டது.

ரணகள்ளியை உங்கள் அம்மம்மாவிடம் கேளுங்கள். இலையைப் பறித்துக் கட்டித் தொங்கவிட்டால் அதன் ஓரத்தில் குட்டிச் செடிகள் முளைக்கும். அதனால் "கட்டிப்போட்டால் குட்டிபோடும்" என்றும் அதைச் சொல்வார்கள்.

காலையில் மட்டும் ஏன் புளிக்கிறது? ரணகள்ளி பகலில் இலைவாய்களை மூடிக்கொள்கிறது. காற்று குளிர்ந்திருக்கும் இரவில் திறக்கிறது. அப்போது எடுத்த காபனீரொட்சைட்டை மலிக் அமிலமாக மாற்றிக் கலங்களுக்குள் சேர்த்து வைக்கிறது. மாங்காய்க்கும் ஆப்பிளுக்கும் புளிப்புத் தருகிற அமிலங்களில் இதுவும் ஒன்று. விடியும்போது களஞ்சியம் நிறைந்திருக்கிறது, அதனால் புளிப்பு. வெயில் வந்ததும் வாயை மூடிக்கொண்டு, சேமித்த அமிலத்திலிருந்து காபனீரொட்சைட்டைப் பிரித்தெடுத்துச் சர்க்கரை செய்கிறது. மாலைக்குள் அமிலம் தீர்ந்துவிடுகிறது. கக்டஸ்களில் மிகப் பெரும்பாலானவையும் அன்னாசியும் இதே முறையில்தான் வாழ்கின்றன.

நீங்களே செய்து பாருங்கள்

ரணகள்ளியின் உடன்பிறப்பான கலஞ்சோவை எஸ்பியர்க்கில் சாதாரணப் பலசரக்குக் கடையில்கூட வாங்கலாம். ஆனால் ஹைனயைப் போல் நீங்கள் சுவைத்துப் பார்க்கக் கூடாது. கலஞ்சோவில் இதயத்தைப் பாதிக்கும் நச்சுப் பொருள் உண்டு. நாக்குக்குப் பதிலாகச் சிவப்புக் கோவாவைப் பயன்படுத்துவோம். டென்மார்க்கில் நத்தார் விருந்தில் தவறாமல் இருக்கும் அதே கோவாதான்.

பெரியவர் ஒருவரின் உதவியோடு கோவா இலையைத் தண்ணீரில் கொதிக்கவைத்து வடித்தால் ஊதா நிற நீர் கிடைக்கும். அமிலம் பட்டால் அது இளஞ்சிவப்பாகும். மார்ச் அல்லது செப்டெம்பரில், பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாக இருக்கும் நாட்களில், வெயில் படும் யன்னலில் வைத்த கலஞ்சோவிலிருந்து விடிகாலையில் ஓர் இலையைப் பறியுங்கள். அதை ஓர் உறையில் போட்டு, பெயர் எழுதி, உடனே உறைபெட்டிக்குள் வையுங்கள். நல்ல வெயில் அடித்த அதே நாள் மாலையில் அதேயளவு இலை இன்னொன்றைப் பறியுங்கள். இரண்டையும் தனித்தனியாக ஒரு கரண்டி தண்ணீர் விட்டு நசுக்கி, கோப்பி வடிதாளில் வடித்து, கோவா நீரைச் சம அளவில் சேருங்கள். எந்தக் கிண்ணம் கூடுதலாகச் சிவக்கிறது? குறித்துக்கொள்ளுங்கள். இலையைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ மறக்காதீர்கள். இதையே டிசம்பரில் மந்தாரமான ஒரு நாளில் திரும்பச் செய்தால் காலைக்கும் மாலைக்கும் உள்ள வித்தியாசம் எப்படி மாறுகிறது என்றும் பாருங்கள்.

எஸ்பியர்க் யன்னலுக்கு எது பொருந்தும்?

இப்போது விதவிதமான செடிகளைப் பார்ப்போம்.

*இரவை அளக்கும் கக்டஸ்.* நவம்பரில் டென்மார்க் கடைகளை நிறைக்கும் நத்தார் கக்டஸ் பாலைவனத்துச் செடி அல்ல. பிரேசிலின் கடலோர மலைக்காடுகளில், மரக்கிளைகளின் இடுக்கில் வாழ்வது. அதற்கு முள் இல்லை. மேலே மரங்கள் கவிந்திருப்பதால் மங்கலான வெளிச்சமே அதற்குப் பழக்கம். ஆகவே வடக்குப் பார்த்த யன்னலுக்கும் ஒத்துவரும். மற்றக் கக்டஸ்களைவிடத் தண்ணீரும் சற்றுக் கூடுதலாக வேண்டும்.

இது இரவின் நீளத்தை அளக்கத் தெரிந்த செடி. இருட்டு நேரம் தொடர்ந்து 13 மணியைத் தாண்டும் நாட்கள் சில வாரங்கள் வந்தால் மொட்டு விடும். எஸ்பியர்க்கில் ஒக்டோபர் இரவுகள் தாமாகவே அந்த நீளத்துக்கு வந்துவிடுகின்றன. ஆனால் நீங்கள் இரவு 10 மணி வரை அந்த அறையில் விளக்கெரித்துப் படித்தால் செடியின் கணக்கில் இரவு குறைந்துபோகும், மொட்டு வராது. ஆட்கள் அதிகம் புழங்காத அறையில் வைத்துப் பாருங்கள். கலஞ்சோவும் இப்படித்தான். டென்மார்க்கின் கண்ணாடி வீடுகளில் இந்த இரண்டையும் பெருமளவில் வளர்க்கிறார்கள். கோடையிலும் பூ வேண்டுமென்றால் மாலையிலேயே கறுப்புத் துணியை இழுத்து மூடிச் செடிக்கு நீண்ட இரவை உண்டாக்கிக் கொடுக்கிறார்கள்.

*இலங்கையின் ஒரே சொந்தக் கக்டஸ்.* கக்டஸ் எல்லாம் அமெரிக்காவுக்குரியது என்றேன் அல்லவா? அதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு ரிப்சாலிஸ் பக்கிபெரா. இது ஆபிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் இலங்கையிலும் காட்டில் இயல்பாக வளர்கிறது. இலங்கையின் ஈரமான காடுகளில் மரங்களைப் பற்றிக்கொண்டு, பிழிந்துவிட்ட இடியப்பம் போல மெல்லிய பச்சைத் தண்டுகளைத் தொங்கவிட்டு நிற்கும். வெள்ளையாகச் சிறு பழங்கள் காய்க்கும். பழத்தின் சதை பிசுபிசுப்பானது, விதை ஒட்டிக்கொள்ளும். அமெரிக்காவிலிருந்து பறவைகள் கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. கப்பல்களில் வந்திருக்கலாம் என்பது இன்னொன்று. நிழலில் பழகிய இந்தச் செடி எஸ்பியர்க்கின் மங்கலான அறைகளுக்கு நல்ல துணை. தொங்கும் சாடியில் வையுங்கள்.

*கல்லாக நடிக்கும் செடி.* 1811இல் வில்லியம் பர்செல் என்ற ஆய்வுப் பயணி தென்னாபிரிக்காவின் கல்லாந்தரையில் விநோதமான ஒரு கூழாங்கல்லைப் பார்த்துக் கையில் எடுத்தார். அது ஒரு செடி! இன்று அந்த வகையை லித்தொப்ஸ் என்கிறோம். இரண்டே இரண்டு தடித்த இலைகள், நடுவில் ஒரு பிளவு. உடம்பில் பெரும்பகுதி மண்ணுக்குள் இருக்கும். அப்படியானால் வெயில் எப்படிக் கிடைக்கும்? இலையின் மேற்பரப்பில் ஒளி ஊடுருவும் சன்னல்கள் இருக்கின்றன. அவற்றின் வழியே வெளிச்சம் உள்ளே இறங்கி, மண்ணுக்குள் இருக்கும் பச்சைக் கலங்களை எட்டுகிறது.

குளிர்காலத்தில் பழைய இரண்டு இலைகளுக்குள் புதிய இரண்டு இலைகள் வளரும். பழையவற்றிலுள்ள நீர் முழுவதையும் புதியவை உறிஞ்சிக்கொள்ளும். இந்த வேளையில் நீங்கள் தண்ணீர் ஊற்றினால் பழைய இலை வற்றாமல் அழுகிவிடும். பழைய இலைகள் கடதாசி போலச் சுருங்கும் வரை, அதாவது ஏறக்குறைய நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, ஒரு துளிகூட ஊற்றக் கூடாது. தெற்குப் பார்த்த யன்னலில் மிக அதிக வெளிச்சம் படும் இடம் இதற்குரியது. அந்த இடம் உங்கள் வீட்டில் இல்லையென்றால் லித்தொப்ஸ் வேண்டாம். அதே நாட்டைச் சேர்ந்த ஹவோர்த்தியாவை வாங்குங்கள். அதற்கும் இலை நுனியில் சன்னல்கள் உண்டு. ஆனால் அது புதர்களின் நிழலில் வாழப் பழகியது, குறைந்த வெளிச்சத்தையும் தாங்கும்.

*மண்ணே வேண்டாத செடி.* டில்லாண்ட்சியாவைக் காற்றுச்செடி என்பார்கள். அன்னாசியின் உறவு. இதுவும் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தது. வேர் மரத்தையோ பாறையையோ பற்றிக்கொள்ள மட்டும்தான். தண்ணீர் குடிப்பது இலை. சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் ஓர் இனம் வெறும் மணல்மேல் கிடந்து, கடலிலிருந்து வரும் மூடுபனியைக் குடித்தே வாழ்கிறது.

சாம்பல் நிற டில்லாண்ட்சியா ஒன்றைக் கையில் எடுத்து, பூதக்கண்ணாடியை இலைக்கு அருகே கொண்டு போங்கள். வெள்ளிச் செதில்கள் நெருக்கமாகப் பரவியிருப்பது தெரியும். அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கண்ணெதிரே சாம்பல் நிறம் மறைந்து பச்சை வெளிப்படும். காய்ந்த செதில்களுக்குள் காற்று இருப்பதால் அவை ஒளியைத் திருப்பி அனுப்பி வெள்ளையாகத் தெரிந்தன. நீர் புகுந்ததும் ஒளி உள்ளே போகிறது, கீழேயுள்ள பச்சை தெரிகிறது. செதிலின் அடியிலுள்ள உயிர்க் கலங்கள் அந்த நீரை இலைக்குள் இழுக்கின்றன. செதில் அடர்ந்து வெளுத்த இனம் என்றால் அது வெயிலும் வறட்சியும் உள்ள ஊரிலிருந்து வந்தது. செதில் குறைந்து பச்சையாக இருந்தால் ஈரமான காட்டிலிருந்து வந்தது. பார்த்தீர்களா, உடம்பே ஊரைச் சொல்லிவிட்டது!

வாரம் ஒருமுறை அரை மணி நேரம் மழைநீரில் ஊறவைத்து, தலைகீழாக உதறி, காற்றோட்டமான இடத்தில் சில மணி நேரத்துக்குள் உலரவிடுங்கள். இதைக் காலையில் செய்யுங்கள். பல டில்லாண்ட்சியாக்கள் ரணகள்ளியைப் போல இரவில்தான் இலைவாய் திறக்கின்றன. இரவில் இலை நனைந்திருந்தால் நீர்ப்படலம் காபனீரொட்சைட்டை உள்ளே விடாது.

குளிர்காலத்தில் என்ன செய்வது?

பாலைவனக் கக்டஸ்களுக்குக் குளிர்காலம் தூங்கும் காலம். வெளிச்சம் குறைந்த வேளையில் ஹீற்றரின் வெப்பமும் தண்ணீரும் கிடைத்தால் அவை வளரத் தொடங்கும். வெளிச்சத்தைத் தேடி வெளிறி, மெலிந்து, நுனி நீண்டு போகும். அப்படி மெலிந்த தண்டு பிறகு எந்த வெயிலிலும் தடிக்காது. ஆகவே நவம்பர் முதல் மார்ச் வரை அவற்றுக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டு, 5 முதல் 10 பாகை செல்சியஸ் உள்ள, வெளிச்சமான இடத்தில் வையுங்கள். ஹீற்றர் போடாத மாடிப்படி யன்னல் நல்ல இடம். அப்படி ஒரு இடம் இல்லாவிட்டால் எல்இடி விளக்கைச் செடிக்கு மிக அருகில் நாளுக்கு 12 மணி நேரம் எரியவிடலாம்.

சாடியின் அடியில் ஓட்டை இருக்க வேண்டும். மண்ணில் பாதிக்குமேல் சிறு கற்களும் பருமணலும் இருக்க வேண்டும். ஃபானோ தீவுக் கடற்கரை மணலை அள்ளிக்கொண்டு வர வேண்டாம். அது மிக நுண்ணியது, உப்பும் கலந்தது, வேருக்குக் காற்று விடாது.

எஸ்பியர்க்கின் சொந்தச் சதைப்பற்றுச் செடிகள்

கடையை விட்டு வெளியே வாருங்கள். நகரத்தை ஒட்டியே வாடன் கடல் இருக்கிறது. டென்மார்க்குக்குரிய பகுதியை 2014இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையில் சேர்த்தது. நாளுக்கு இரண்டு தடவை கடல் வற்றிச் சேற்றுவெளி தெரியும். அந்தச் சேற்றின் ஓரத்தில் கணுக்கணுவாக, இலையே இல்லாதது போல நிற்கும் குட்டிச் செடிதான் சலிக்கோர்னியா. சுற்றிலும் தண்ணீர் இருந்தும் அதற்குத் தாகம். உப்புநீர் செடியின் உடம்பிலிருந்து நீரை வெளியே இழுக்கும். சலிக்கோர்னியா என்ன செய்கிறது? உப்பை உள்ளே எடுத்துக் கலங்களின் நடுவேயுள்ள பையில் பூட்டி வைக்கிறது. இப்போது உள்ளே உப்பு அதிகம், அதனால் நீர் உள்ளே வருகிறது, தண்டு தடிக்கிறது. இலையுதிர் காலத்தில் செக்கச்செவேலென்று சிவந்து நிற்கும். இதன் நெருங்கிய உறவுகள் தமிழ்நாட்டின் கோடியக்கரையிலும் பிச்சாவரத்திலும் உப்பங்கழி ஓரங்களில் வளர்கின்றன. அங்கே அவற்றை உமரி என்பார்கள். போய்ப் பாருங்கள், படம் வரையுங்கள், பிடுங்க வேண்டாம்.

வெளியே பல்கனியில் வளர்க்க ஆசையா? டென்மார்க்கின் பழைய கூரைவீடுகளின் உச்சியில் ஒரு சதைப்பற்றுச் செடியை வளர்த்தார்கள். பெயர் செம்பர்வைவம். அது வீட்டை மின்னலிலிருந்து காக்கும் என்பது அக்கால மக்களின் நம்பிக்கை. மின்னலை எந்தச் செடியும் தடுக்காது. ஆனால் மண் அதிகம் இல்லாத கூரையில், வெயிலையும் உறைபனியையும் தாங்கி இது வாழ்வது உண்மை. ஐரோப்பிய மலைகளைச் சேர்ந்தது என்பதால் எஸ்பியர்க் குளிர் இதற்குப் புதிதல்ல. நீர் தேங்காத சாடியில் நட்டு, ஆண்டு முழுவதும் வெளியிலேயே விட்டுவிடலாம்.

வாங்கும் முன் இன்னொரு கேள்வி

அரிய செடி என்றால் எல்லோருக்கும் ஆசை. அந்த ஆசையைக் காசாக்கும் திருடர்களும் இருக்கிறார்கள். 2020இல் இத்தாலியில் ஒரு வீட்டில், சிலியின் அட்டகாமாவிலிருந்து பிடுங்கிக் கடத்திய 1,000க்கும் மேற்பட்ட கக்டஸ்களைப் பொலிசார் கைப்பற்றினார்கள். அவற்றில் பலவற்றை அடுத்த ஆண்டு சிலிக்கே திருப்பி அனுப்பினார்கள். கைப்பற்றியவற்றில் நூறு ஆண்டுக்கு மேல் வயதானவையும் இருந்தன. ஒரு குன்றில் மட்டும் வாழும் இனத்தைப் பிடுங்கிவிட்டால் உலகத்தில் வேறெங்கும் அது கிடையாது. அதனால்தான் ஏறக்குறைய கக்டஸ் குடும்பம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. "இது விதையிலிருந்து வளர்த்ததா?" என்று கடையில் தயங்காமல் கேளுங்கள். இன்னும் நல்ல வழி, நீங்களே விதை போடுவது. கக்டஸ் விதை பெரும்பாலும் சில வாரங்களில் முளைக்கும். உள்ளங்கை அளவு வளர ஆண்டுகள் ஆகும். ஆனால் அந்தச் செடிக்கு எஸ்பியர்க் யன்னல்தான் பிறந்த ஊர்.

ஆகவே கடைக்குப் போகும் முன் இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்:

1. என் யன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது?
2. டிசம்பரில் அங்கே எத்தனை மணி நேரம் வெயில் விழும்?
3. இந்தச் செடி தண்ணீரை எங்கே சேமிக்கிறது: இலையிலா, தண்டிலா?
4. அதன் ஊரில் வெட்டவெளியிலா, மர நிழலிலா வாழ்கிறது?
5. விதையிலோ துண்டிலோ இருந்து வளர்த்ததா, காட்டில் பிடுங்கியதா?

ஐந்துக்கும் பதில் தெரிந்த பிறகு விலையைப் பாருங்கள்.